டிரெய்லர் மாட்டினால் பிக்கப்பின் பின்பக்கம் உட்காருகிறது: பிளாக்கா, ஏர்பேக்கா, வேறெதுவா?

கேள்வி இதுதான். 2019 ஃபோர்டு எஃப்-150, நாலு கதவு சூப்பர்குரூ, சாமான் ஏற்றும் பின்தட்டு (பெட்) ஐந்தரை அடி. இழுப்பது எல்லாம் ஏற்றி 6,500 பவுண்டு வரும் டிராவல் டிரெய்லர். மாட்டியதும் பின் ஃபெண்டர் இரண்டரை அங்குலம் இறங்குகிறது, ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கிறது, ஹைவேயில் ஸ்டீயரிங் லேசாகி மிதக்கிறது. பின்பக்கம் 3 அங்குல பிளாக் வைத்து உயர்த்தலாமா, ஏர்பேக் போடலாமா?

பிளாக் வேண்டாம். ஏர்பேக், அதாவது பின் அச்சுக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் காற்றடித்து வைக்கும் ரப்பர் பை, போடலாம், ஆனால் அது இரண்டாவது வேலை. நீங்கள் சொன்ன மூன்று தொல்லைகளில் ஸ்டீயரிங் மிதப்பதுதான் ஆபத்தானது. அது பின்பக்கம் தாழ்ந்ததால் வருவதில்லை, முன் சக்கரங்களில் எடை குறைந்ததால் வருகிறது. பின்பக்கத்தை மட்டும் தூக்கினால் வண்டி பார்க்க மட்டமாக நிற்கும், முன் சக்கரத்தில் எடை குறைந்தது குறைந்ததுதான்.

கணக்கு சின்னதுதான். டிரெய்லரின் முன்முனை, வண்டியின் பின்னால் அதைப் பூட்டும் ஹிட்ச் மேல் அழுத்தும் எடையை டங் வெயிட் என்கிறோம். இந்த வகை டிரெய்லரில் அது மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். 12 சதவீதம் என்று வைத்தால் உங்களுடையது 780 பவுண்டு. இந்த எடை பின் அச்சுக்கு நேர் மேலே உட்காரவில்லை. ஹிட்ச் பால் பின் அச்சிலிருந்து சுமார் 55 அங்குலம் பின்னால் தொங்குகிறது. உங்கள் வண்டியின் வீல்பேஸ் 145 அங்குலம். ஆக வண்டி ஒரு சீசா பலகை: 780-ஐ 55-ஆல் பெருக்கி 145-ஆல் வகுத்தால் 296. அத்தனை பவுண்டு முன் அச்சிலிருந்து கழன்று போகிறது. பின் அச்சில் ஏறுவது 780 அல்ல, 780-உம் 296-உம் சேர்ந்த 1,076. சமையலறைச் சாமானை டிரெய்லரின் முன்பக்கம் ஏற்றினால் இது இன்னும் கூடும்.

இப்போது ஏர்பேக்கில் காற்றடித்துப் பின்பக்கத்தை இரண்டரை அங்குலம் தூக்குங்கள். 55 அங்குலம் மாறவில்லை, 145 மாறவில்லை, 780 மாறவில்லை. அதே 296 பவுண்டு முன்னால் குறைவாகவே இருக்கும். ஹெட்லைட் சரியாகிவிடும், டிரெய்லர் மட்டமாகிவிடும், ஈர ரோட்டில் பிரேக் போடும்போது முன் சக்கரம் வழுக்குவது மட்டும் அப்படியே இருக்கும். கண்ணுக்கு மட்டமாகத் தெரிவதால் அதைக் கவனிக்கவும் தோன்றாது. ஏர்பேக் விற்பவர்கள் பெரும்பாலும் சொல்லாத விஷயம் இது.

முன் அச்சுக்கு எடையைத் திருப்பிக் கொடுப்பது வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் ஒன்றுதான். இரண்டு ஸ்பிரிங் கம்பிகள் ஹிட்ச் தலையிலிருந்து டிரெய்லர் ஃபிரேமுக்கு ஓடுகின்றன. அவற்றைச் சங்கிலியாலோ பிராக்கெட்டாலோ வளைத்து இறுக்கும்போது ஹிட்ச் இருக்கும் இடத்தில் வண்டியும் டிரெய்லரும் மடங்கி 'வி' வடிவில் தொங்குவதை எதிர்த்து நிமிர்த்துகின்றன. தள்ளுவண்டியின் கைப்பிடியைத் தூக்கினால் முன் சக்கரம் அழுந்துவது போல. உங்கள் கணக்கிலேயே, இழந்த 296-இல் பாதியை, 148 பவுண்டை, முன்னுக்குத் திருப்பினால், பாலிலிருந்து டிரெய்லர் அச்சுகளின் நடு 16 அடி என்று கொண்டால், இன்னொரு 87 பவுண்டு டிரெய்லர் சக்கரங்களுக்குப் போய்விடும். பின் அச்சில் கூடுதல் 1,076-லிருந்து சுமார் 841-ஆக இறங்கும். பின்பக்கம் தானாகவே சுமார் அரை அங்குலம் எழும்பும்.

உங்கள் விஷயத்தில் இது விருப்பம் சார்ந்ததும் அல்ல. பம்பருக்குக் கீழே குனிந்து, ஹிட்ச் நுழையும் சதுரக் குழாயான ரிசீவரின் லேபிளைப் படியுங்கள். இந்தத் தலைமுறை எஃப்-150-இல் சாதாரண பால் மவுண்ட்டுக்கு 5,000 பவுண்டு டிரெய்லர், 500 பவுண்டு டங் வெயிட் என்று இருக்கும். அதற்கு மேல் போனால் வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் கட்டாயம். 6,500-ஐ வெறும் பாலில் இழுத்துக்கொண்டு சஸ்பென்ஷனைக் குறை சொல்வதில் பொருளில்லை.

பிளாக் ஏன் வேண்டாம் என்று கேட்பீர்கள். பிளாக் என்பது பின் அச்சுக்கும் பட்டைக்கட்டுக்கும் (லீஃப் ஸ்பிரிங்) நடுவில் வைக்கும் வெறும் உலோகக் கட்டை. பட்டையின் வலுவில் ஒரு துளியும் கூடாது. டிரெய்லர் மாட்டினால் வண்டி அதே இரண்டரை அங்குலம் இறங்கும், இறங்கத் தொடங்கும் இடம் மட்டும் 3 அங்குலம் மேலே. டிரெய்லர் இல்லாத நாட்களில், அதாவது வருடத்தின் பெரும்பகுதி, வண்டி முகங்குப்புற நிற்கும். 145 அங்குல வீல்பேஸில் பின்பக்கம் 3 அங்குலம் ஏறினால் வண்டி சுமார் 1.2 டிகிரி முன்னால் சாயும், அத்தனை டிகிரி காஸ்டரும், அதாவது ஸ்டீயரிங் அச்சின் பின்சாய்வும், குறையும். திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேராவது மந்தமாகும். அச்சுக்கும் பட்டைக்கும் இடையில் தூரம் கூடுவதால், பாரம் இழுத்துக்கொண்டு ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது அச்சு பட்டையை முறுக்கும், பின் சக்கரம் துள்ளும். டிரைவ்ஷாஃப்ட் கோணம் மாறி 40, 50 மைலில் அதிர்வு தொடங்குவதும் உண்டு. பல 4x4 பிக்கப்களில் கம்பெனியே ஒரு சின்ன பிளாக் வைத்துத்தான் அனுப்புகிறது. அதன் மேல் இன்னொன்றை அடுக்குவது மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது, பாரத்தில் நழுவிச் சிதறும்.

வாங்கும் முன் ஒரு டேப்பும் ஒரு காகிதமும் போதும். மட்டமான சிமெண்ட் தரையில் வண்டியை நிறுத்துங்கள். பெட்ரோல் டேங்க் நிறைய, பயணத்தில் பெட்டில் வைக்கும் சாமான் எல்லாம் உள்ளே. நான்கு சக்கரத்திலும், சக்கர நடுவுக்கு நேராகத் தரையிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். பிறகு கம்பிகளை இறுக்காமல் டிரெய்லரை மாட்டி மறுபடியும் அளங்கள். முன் ஃபெண்டர் 38 அங்குலத்திலிருந்து 39-க்கு ஏறியிருக்கிறது என்று வைப்போம். அந்த ஒரு அங்குலம்தான் நீங்கள் திருத்த வேண்டிய பிழை. பின் ஃபெண்டர் எவ்வளவு இறங்கியது என்பது இரண்டாம்பட்சம். பிக்கப்கள் காலியாக இருக்கும்போது பின்பக்கம் முன்பக்கத்தைவிட உயர்ந்திருப்பதே இறங்குவதற்குத்தான். அழகுக்காக, முன்பக்கத்தை உயர்த்தும் லெவலிங் கிட் போட்டு அந்தச் சாய்வைத் தின்றுவிட்ட வண்டிதான் சிறு பாரத்துக்கே உட்கார்ந்ததாகத் தெரியும். உங்கள் வண்டியில் முந்தைய சொந்தக்காரர் ஸ்ட்ரட் மேல் ஸ்பேசர் வைத்திருக்கிறாரா என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

அடுத்தது ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் உள்ள மஞ்சள்-வெள்ளை ஸ்டிக்கர். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்று இருக்கும். உங்களுடையதில் 1,650 என்று வைத்துக்கொள்ளுங்கள். டங் வெயிட் 780, வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச்சின் சொந்த எடை 90, நாலு பேர் 600, பெட்டில் ஜெனரேட்டரும் நாற்காலிகளும் 150. கூட்டினால் 1,620. விளிம்பில் நிற்கிறீர்கள். ஏர்பேக் பெட்டியில் 5,000 பவுண்டு என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பது அந்த ரப்பர் தாங்கும் அளவு. உங்கள் அச்சு, பேரிங், சக்கரம், டயர், பிரேக் எதுவும் அதனால் ஒரு பவுண்டுகூடக் கூடுதலாகத் தாங்காது. ஸ்டிக்கர் எண் மாறவே மாறாது. அந்த எண்ணைத் தாண்டினால் தீர்வு ஸ்பிரிங் கடையில் இல்லை, முக்கால் டன் வண்டியில், அதாவது ஒரு படி கனமான பிக்கப்பில், இருக்கிறது, அல்லது சின்ன டிரெய்லரில்.

இனி ஹிட்ச் அமைப்பு. டிரெய்லரைத் தனியாக மட்டமாக நிறுத்தி, பாலைக் கவ்வும் கப்ளரின் உயரத்தை அளந்து, பாலின் உச்சி அதைவிட ஒரு அங்குலம் மேலே இருக்கும்படி ஹிட்ச் தலையை, ரிசீவருக்குள் நுழையும் ஷாங்க்கில் போல்ட் செய்யுங்கள். பாரம் விழுந்ததும் அந்த ஒரு அங்குலம் இறங்கிச் சமமாகும். கம்பிகளைக் கொக்கியில் ஏற்ற முழங்கை பலத்தை நம்ப வேண்டாம். கப்ளரைப் பூட்டியபின் டிரெய்லர் ஜாக்கியால் டிரெய்லரின் முன்முனையையும் வண்டியின் பின்புறத்தையும் சேர்த்தே தூக்குங்கள். கம்பி தளர்ந்து சங்கிலி கையால் ஏறும். தூக்காமல் இரும்புக் கைப்பிடியால் நெம்பினால், அது நழுவித் தாடையில் அடிக்கும் வேகம் எலும்பை உடைக்கும். ஜாக்கியை இறக்கிப் பத்தடி முன்னே ஓட்டி நிறுத்தி, முன் ஃபெண்டரை அளங்கள்.

இலக்கு எது? எத்தனை சதவீதம் திருப்ப வேண்டும் என்று உங்கள் ஓனர்ஸ் மானுவலின் டோயிங் பகுதி சொல்லும். பாதி என்பது பொதுவாகக் காணும் எண். 38-லிருந்து 39-க்கு ஏறியிருந்தால் 38½-க்கு இறக்க வேண்டும். 38-க்கும் கீழே போகும் அளவு இறுக்குவது முற்றிலும் தவறு. அப்போது பின் அச்சு லேசாகி, வளைவில் பின்பக்கம் முதலில் விலகும், டிரெய்லர் வண்டியைத் தள்ள ஆரம்பிக்கும். 38½ வரவில்லையென்றால் சங்கிலியை இன்னும் ஒரு கண்ணி இழுத்து மாட்டுங்கள். அதுவும் போதாவிட்டால் ஹிட்ச் தலையின் சாய்வை ஒரு வாஷர் கூடுதலாக வைத்துப் பின்னோக்கிச் சாயுங்கள். எதுவும் போதவில்லை, கம்பி வில் போல வளைகிறது என்றால் கம்பியின் தாங்குதிறன் குறைவு. 600 பவுண்டு கம்பி 780-க்கு ஆகாது. அதற்காக 1,200 வாங்கினாலும் தவறு. அது வளையவே வளையாது, ஒவ்வொரு மேடுபள்ளத்தையும் ஃபிரேமில் குத்தும். 800 அல்லது 1,000 சரி. டங் வெயிட்டோடு பெட்டில், பின் அச்சுக்குப் பின்னால் வைக்கும் சாமானையும் சேர்த்துத்தான் கம்பியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இதெல்லாம் முடிந்தபின் பெரும்பாலான எஃப்-150 பின்பக்கம் காலி நிலையிலிருந்து ஒன்றரை அங்குலம், இரண்டு அங்குலம் கீழே நிற்கும். அத்தோடு விட்டுவிடலாம். டிரெய்லர் மட்டமாக, அல்லது மூக்கு ஒரு அங்குலம் கீழே இருந்தால் போதும். அதன்பிறகும் பம்ப் ஸ்டாப் (அச்சு ஃபிரேமில் மோதாமல் தடுக்கும் ரப்பர்) இடிக்கிறது, பாலத்து மூட்டுகளில் பின்பக்கம் இரண்டு மூன்று முறை ஆடுகிறது என்றால்தான் துணை ஸ்பிரிங் பேச்சு. ஆடுவது மட்டும்தான் குறை என்றால் முதலில் ஷாக் அப்சார்பரைப் பாருங்கள். எண்ணெய் கசிந்த ஷாக்கோடு ஏர்பேக் சேர்த்தால் ஆட்டம் கூடும், ஏனென்றால் ஏர்பேக் விறைப்பைத் தரும், ஆட்டத்தை அடக்காது. டயரையும் பாருங்கள். பயணிகள் கார் ரக டயரின் பக்கச்சுவர் நெளிவதே பாதி நேரம் "சஸ்பென்ஷன் கோளாறு" என்று பெயர் வாங்குகிறது. பின் டயர் காற்று கதவு ஸ்டிக்கர் அளவுக்குக் குளிர்ந்த நிலையில் இருக்கட்டும்.

துணை ஸ்பிரிங்குகளில் எளிதில் கெடாதது டிம்ப்ரன் போன்ற ரப்பர் ஸ்பிரிங். பம்ப் ஸ்டாப்பைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மாட்டுவது, ஒரு மணி நேர வேலை. காலியாக இருக்கும்போது அச்சைத் தொடாது, அதனால் வழக்கமான ஓட்டம் கெடாது. உயரத்தைச் சரிசெய்ய முடியாது என்பது ஒன்றே குறை. கூடுதல் பட்டை சேர்ப்பது நிரந்தரப் பாரம் சுமப்பவர்களுக்கு, உதாரணமாக பெட்டில் எப்போதும் கருவிப்பெட்டி வைத்திருப்பவர்களுக்கு. மாதம் ஒருமுறை டிரெய்லர் இழுப்பவருக்கு மீதி 29 நாள் இடுப்பு வலிதான் மிச்சம். எந்தக் காரணத்துக்காகப் பட்டைக்கட்டைக் கழற்றினாலும் யூ போல்ட்டைப் புதிதாகப் போடுங்கள். அது இறுக்கும்போது நீண்டு பிடிக்கும் போல்ட், இரண்டாவது முறை அந்தப் பிடி வராது.

ஏர்பேக்கின் நன்மை, மாட்டும்போது கூட்டி, கழற்றியதும் குறைக்கலாம் என்பது. ஃபயர்ஸ்டோன் ரைடு-ரைட், ஏர் லிஃப்ட் லோடுலிஃப்டர் 5000 இரண்டும் எஃப்-150-க்கு உண்டு. இரண்டும் அச்சுக்கும் ஃபிரேமுக்கும் இடையில், பம்ப் ஸ்டாப் இருந்த இடத்தில் உட்காரும். ராம் 1500-க்குப் பின்னால் காயில் ஸ்பிரிங் என்பதால் காயிலுக்கு உள்ளேயே நுழையும் உருளை வகை. அதில் காற்று உச்சம் 35 பிஎஸ்ஐ, தூக்குவது 1,000 பவுண்டு வரைதான். எஃப்-150-க்கான, மடிப்பு மடிப்பான பெல்லோஸ் வகையில் உச்சம் 100 பிஎஸ்ஐ.

மாட்டுவது கடினமில்லை, கெடுப்பது அதைவிட எளிது. முன் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஃபிரேமை ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, அச்சைத் தனி ஜாக்கியால் தாங்குங்கள். பம்ப் ஸ்டாப்பைக் கழற்றி பிராக்கெட்டுகளைக் கையால் மட்டும் இறுக்கி, பை நிமிர்ந்து நடுவில் நிற்கிறதா என்று பார்த்தபிறகே முறுக்கு விசையில் இறுக்க வேண்டும். பிரேக் லைன், ஏபிஎஸ் ஒயர் எதுவும் பிராக்கெட்டுக்கு அடியில் நசுங்கக்கூடாது. காற்று உப்பிய பையைச் சுற்றி எல்லாப் பக்கமும் அரை அங்குலமாவது இடைவெளி வேண்டும். எக்ஸாஸ்ட் ஓடும் பக்கம் கிட்டில் வரும் ஹீட் ஷீல்டை விட்டுவிடாதீர்கள், கால் அங்குலக் காற்றுக்குழாயையும் எக்ஸாஸ்டிலிருந்து அரை அடி தள்ளியே ஓட்டுங்கள்.

கசிவுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் பிறக்கின்றன: குழாயின் வெட்டு. வயர் கட்டரால் வெட்டினால் முனை முட்டை வடிவில் நசுங்கும், சற்றே சாய்ந்திருக்கும். ஃபிட்டிங்கின் உள்ளே இருக்கும் ஓ-ரிங் ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும். புது பிளேடால் ஒரே இழுப்பில் செங்குத்தாக வெட்டி, முனையைத் திருப்பிப் பாருங்கள், வட்டம் வட்டமாக இருக்க வேண்டும். ஃபிட்டிங்கில் தள்ளும்போது முதலில் ஒரு தடை தெரியும், அதையும் தாண்டி இன்னும் உள்ளே போய் முட்டும். முதல் தடையிலேயே நிறுத்தியவர்கள்தான் மறுநாள் காலை காலிப் பையைப் பார்க்கிறார்கள். 30 பிஎஸ்ஐ அடித்து, பாத்திரம் கழுவும் சோப்பை நான்கு பங்கு நீரில் கரைத்து எல்லா மூட்டிலும் தெளியுங்கள். பிறகு இரவு முழுவதும் விட்டுக் காலையில் அளவு பாருங்கள். ஒன்றிரண்டு குறைவது கேஜைப் பொருத்தி எடுக்கும்போது போகும் காற்று.

இரண்டு பைக்கும் தனித்தனி குழாய், தனித்தனி வால்வு வையுங்கள். டி ஃபிட்டிங் போட்டு இணைத்தால் வளைவில் அழுந்திய பக்கத்துக் காற்று மறுபக்கம் ஓடி, வண்டி இன்னும் சாயும். காலியாக ஓட்டும்போதும் 5 பிஎஸ்ஐ இருந்தே ஆக வேண்டும். வெறும் பை மடிப்பில் சிக்கி, தன்னைத் தானே கடித்துக்கொண்டது போலக் கிழியும்.

வரிசையைப் பொறுத்தவரை: பையில் 5, 10 பிஎஸ்ஐ மட்டும் வைத்து, மேலே சொன்னபடி கம்பிகளால் முன் ஃபெண்டரை 38½-க்குக் கொண்டுவாருங்கள். மீதித் தாழ்வுக்கு மட்டும் ஐந்து ஐந்து பிஎஸ்ஐயாகக் கூட்டுங்கள். ஒவ்வொரு முறையும் முன் ஃபெண்டரை மறுபடி அளங்கள், ஏனென்றால் பின்பக்கம் எழும்பினால் கம்பிகள் தளரும், முன்பக்கம் மறுபடி மூக்கைத் தூக்கும். முதலில் 60 பிஎஸ்ஐ அடித்து வண்டியை மட்டமாக்கிவிட்டுக் கம்பிகளை இறுக்குபவர்களுக்கு, கம்பி இறுக்கமாக இருப்பது போலத் தெரியும், முன்னுக்கு எடை போயிருக்காது. ஏர் சஸ்பென்ஷன் கம்பெனியிலேயே வரும் ராம் போன்ற வண்டிகளுக்கு இந்த வரிசை பொருந்தாது. அவற்றுக்கு எந்த நிலையில் நிறுத்தி மாட்ட வேண்டும் என்று மானுவலில் தனியாக இருக்கும்.

ஏர்பேக்கில் இன்னொரு நுட்பம். பட்டை தன் பாரத்தை ஃபிரேமின் இரண்டு இடங்களில், முன் ஹேங்கரிலும் பின் ஷேக்கிளிலும், பிரித்துக் கொடுக்கிறது. பை அதை நடுவில், அச்சுக்கு நேர் மேலே ஒரே புள்ளியில் குத்துகிறது. பின்னால் நீளமாகப் பாரம் தொங்க, நடுவில் 80, 90 பிஎஸ்ஐயில் முட்டுக்கொடுத்து, கரடுமுரடான பாதையில் ஓட்டினால் ஃபிரேம் அந்த இடத்தில் முறிவது போல வளையும். ஆஸ்திரேலியாவில் டூயல் கேப் யூட்களில் (நாலு கதவு பிக்கப்கள்) இது நன்றாகத் தெரிந்த சங்கதி. 780 பவுண்டு டங் வெயிட்டை, கம்பி இறுக்கிய பிறகு, மட்டமாக்க அத்தனை அழுத்தம் தேவைப்படாது. 60-ஐத் தாண்டினால் ஏதோ ஒரு எடையைத் தவறாகக் கணக்கிட்டிருக்கிறீர்கள்.

அந்தச் சந்தேகம் தீர அமெரிக்க, கனடிய டிரக் ஸ்டாப்களில் இருக்கும் கேட் ஸ்கேல் (CAT Scale) எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள். முன் அச்சு முதல் தட்டிலும், பின் அச்சு இரண்டாவதிலும், டிரெய்லர் மூன்றாவதிலும் நிற்கும்படி நிறுத்துங்கள். கம்பி இறுக்கி ஒன்று, தளர்த்தி ஒன்று, டிரெய்லரைக் கழற்றி வெறும் வண்டி ஒன்று என மூன்று சீட்டு. மூன்றாவது சீட்டின் முன் அச்சு எடையிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் இழந்தது தெரியும், முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் திரும்பியது தெரியும். இரண்டாவது சீட்டில் வண்டியின் இரண்டு அச்சையும் கூட்டி, அதிலிருந்து மூன்றாவது சீட்டின் இரண்டையும் கழித்தால் உண்மையான டங் வெயிட். அது 650-க்கும் குறைவாக வந்தால், அதாவது 10 சதவீதத்துக்குக் கீழே, கம்பியையும் பையையும் தொடாமல் டிரெய்லருக்குள் போய்ச் சாமானை முன்னால் நகர்த்துங்கள். பின்கனத்த டிரெய்லர் 60 மைலில் வாலாட்டத் தொடங்கினால் எந்த ஸ்பிரிங்கும் நிறுத்தாது.

முதல் 500 மைலுக்குப் பிறகு பிராக்கெட் போல்ட், ஹிட்ச் தலை போல்ட் இரண்டையும் மறுபடி முறுக்கு விசையில் இறுக்குங்கள். குளிர்காலத்தில் பையின் அழுத்தம் தானாக இறங்கும், 5-இல் விட்ட பை ஜனவரி காலையில் 5-க்கும் கீழே போயிருக்கும். அதனால் குளிர் பிரதேசத்தில் காலி வண்டிக்கே 10 வைப்பது நல்லது.